ஒரே வரைவு, பல கைகள்

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பு ஒன்றில் ஆற்றிய உரை)



ஓர் அலுவலகக் காட்சியை உங்கள் முன் வைத்து என் உரையைத் தொடங்குகிறேன். மானியத் திட்டம் ஒன்றுக்கான வரைவு ஆணை கணிப்பொறியில் தயாராகிக் கொண்டிருக்கிறது. 'ஒவ்வொரு பயனாளிக்கும் ரூ.500 வழங்கப்படும்' என்பது அதில் ஒரு வரி. வெவ்வேறு ஊர்களில் உள்ள இரண்டு அலுவலர்கள் இந்த வரைவை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். தொகை போதாது என்று இருவருமே கருதுகிறார்கள். ஒருவர் 5 என்ற இலக்கத்தை நீக்கிவிட்டு 6 என்று இடுகிறார். மற்றவர் அதே நொடியில் அதே 5-ஐ நீக்கிவிட்டு 7 என்று இடுகிறார். முன்னவர் எண்ணியது 600. பின்னவர் எண்ணியது 700. சில கணங்களில் இருவர் திரையிலும் ஒரே தொகை தோன்றுகிறது: ரூ.6700.

கணிப்பொறி தவறு செய்துவிட்டதா? இல்லை. 5-ஐ நீக்கச் சொன்னார்கள், நீக்கியது. 6-ஐயும் 7-ஐயும் இடச் சொன்னார்கள்; இரண்டையும் இட்டது. எவர் எழுதியதையும் அது தொலைத்துவிடவில்லை. இரு திரைகளிலும் உள்ள உரை எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கிறது. ஆயினும் அந்தத் தொகை இருவரில் எவருடையதும் அன்று.

இது நான் கற்பித்துக்கொண்ட காட்சிதான். ஆனால் எழுத்து எழுத்தாகத் திருத்தங்களை இணைக்கும் எந்த முறையிலும் இது நிகழக்கூடியது. பலர் ஒரே உரையை ஒரே நேரத்தில் தொகுக்கும் வசதி இன்று பள்ளி மாணவர் முதல் செயலகம் வரை எங்கும் பரவியிருக்கிறது. அதன் பயன் பெரிது. எனினும், அந்த வசதி நமக்கு எதை உறுதி செய்கிறது, எதை உறுதி செய்வதில்லை என்பதை அறிந்து பயன்படுத்துவது நம் கடமை.

கோப்பு எவர் மேசையில்?

பலர் ஒரே ஆவணத்தில் பணியாற்றுவது நம் நிர்வாகத்திற்குப் புதிதன்று. கோப்பு முறையே அதற்காக ஏற்பட்டதுதான். கோப்பில் குறிப்புப் பகுதி ஒன்றும் கடிதப் பகுதி ஒன்றும் இருக்கும். எழுத்தர் குறிப்பு எழுதுவார். அதன் கீழே பிரிவு அலுவலர் எழுதுவார். அதற்கும் கீழே அடுத்த நிலை அலுவலர் எழுதுவார். கோப்பு ஒரு நேரத்தில் ஒருவர் மேசையில்தான் இருக்கும். மற்றவர் காத்திருக்க வேண்டும்.

கணிப்பொறித் துறையினர் இதைப் 'பூட்டு முறை' என்பார்கள். ஒருவர் ஆவணத்தைத் திறந்தால் அது மற்றவர்க்குப் பூட்டப்பட்டுவிடும். மோதலுக்கே இடமில்லை. ஆனால் தாமதம் மிகுதி. 'கோப்பு மேலே இருக்கிறது' என்ற விடை எத்தனை நாள் நீளக்கூடும் என்பதை இங்குள்ள அலுவலர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இத்தாமதத்திற்கு நம் அலுவலக நடைமுறையே ஒரு மாற்றும் கண்டிருக்கிறது. மூலக் கோப்பு உடனே கிடைக்காதபோதும், ஒரே பொருள் குறித்துப் பல பிரிவுகளை ஒருங்கே கலந்தாலோசிக்க வேண்டியபோதும், 'பகுதிக் கோப்பு' தொடங்கலாம் என்று மத்தியச் செயலக அலுவலக நடைமுறைக் கையேடு அனுமதிக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிக் கோப்புகள் தொடங்கப்பட்டால், ஒவ்வொன்றுக்கும் தனி எண் இட வேண்டும். பின்னர் அவற்றை மூலக் கோப்புடன் இணைத்து, இரட்டித்த தாள்களை அகற்ற வேண்டும். ஒரு மூலத்திலிருந்து பல பிரதிகள், ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பணி, பிறகு ஓர் இணைப்பு. இன்றைய கூட்டுத் தொகுப்பின் அடிப்படைத் தத்துவம் இதுவே. வேறுபாடு வேகத்தில்தான். பகுதிக் கோப்பை வாரங்கள் கழித்து ஓர் எழுத்தர் இணைக்கிறார். கூட்டுத் தொகுப்பில் ஒவ்வொரு விசை அழுத்தத்திற்கும் ஓர் இணைப்பு நடைபெறுகிறது. அதைச் செய்வது இயந்திரம்.

1968 முதல் இன்று வரை

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கணிப்பொறி வல்லுநர்கள் கூடிய அரங்கில், டக்ளஸ் எங்கல்பார்ட் என்ற பொறியியலாளர் ஒரு செயல்விளக்கம் நிகழ்த்தினார். மௌஸ் எனப்படும் சுட்டுக் கருவி பொதுமேடையில் காட்டப்பட்ட நாளாக அது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அன்று அவர் வேறொன்றையும் காட்டினார். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய சக ஊழியர் பில் பாக்ஸ்டனும் அவரும் ஒரே உரையை ஒரே நேரத்தில் திரையில் கண்டு, பேசிக்கொண்டே அதில் பணியாற்றினார்கள்.

கனவு அன்றே பிறந்துவிட்டது. ஆனால் தனித்தனிக் கணிப்பொறிகளில் தனித்தனிப் பிரதிகள் இருக்கையில் அவற்றை எவ்வாறு ஒன்றாக வைத்திருப்பது என்ற கேள்விக்கு, 1989-ஆம் ஆண்டில்தான் எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவான வழி ஒன்றை முன்வைத்தார்கள். 1995-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தினர் அதை நடைமுறைக்கு ஏற்ப எளிதாக்கினர். 2003-இல் ஜெர்மானிய இளைஞர்கள் சிலர் உருவாக்கிய சப்எத்தாஎடிட் என்ற உரைத் தொகுப்பியில் பல நிரலாளர்கள் சேர்ந்து ஒரே நிரலை எழுத முடிந்தது. 2006-இல் கூகுள் நிறுவனம் ரைட்லி என்ற இணைய எழுத்துக் கருவியை வாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் அறிந்த கூகுள் டாக்ஸ்.

ஏன் அனுமதி கேட்டு எழுதக் கூடாது?

மாணவ நண்பர்கள் இங்கு ஒரு வினாவை எழுப்பலாம். எல்லா எழுத்துகளும் ஒரு மையக் கணிப்பொறிக்குச் சென்று, அது வரிசைப்படுத்தித் தந்த பிறகே திரையில் தோன்றினால் மோதலே எழாதே என்பது அவ்வினா.

இதற்குத் தடையாக நிற்பது தொலைவு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடி இழைவடம் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அத்தீவுகள் பெரிதும் செயற்கைக்கோள் வழியையே நம்பியிருந்தன. நிலநடுக்கோட்டின் மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கோளுக்குச் செய்தி ஏறி இறங்கக் கால் நொடி ஆகும். விடை திரும்பி வர இன்னொரு கால் நொடி. ஒவ்வோர் எழுத்தும் அரை நொடி தாமதித்துத் தோன்றினால் எவராலும் தொடர்ந்து எழுத இயலாது. இணைப்பு இடையில் அறுந்துவிட்டால் பணியே நின்றுவிடும்.

ஆகவே, அவரவர் தட்டும் எழுத்து அவரவர் திரையில் உடனே தோன்ற வேண்டும். மற்றவர்க்குப் பின்னர் போய்ச் சேர வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு சிறிதாயினும், அதற்குள் இரு பிரதிகள் வேறுபட்டுப் போகின்றன.

வரிசையில் இடமும் அட்டை எண்ணும்

வேறுபட்ட பிரதிகளை ஒன்றாக்குவதில் உள்ள சிக்கலை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். வரைவில் 'நெல் விதை' என்று இருக்கிறது. இடைவெளியையும் ஓர் எழுத்தாகக் கொண்டால் மொத்தம் 5 இடங்கள். முதல் அலுவலர் தொடக்கத்தில் 'சம்பா' என்ற சொல்லையும் ஓர் இடைவெளியையும் சேர்க்கிறார். அவை 4 இடங்கள். அதே நேரத்தில் இரண்டாம் அலுவலர் இறுதியில் 'கள்' சேர்க்கிறார். 'ஐந்தாம் இடத்திற்குப் பின் கள் என்று இடுக' என்பது அவருடைய கணிப்பொறி அனுப்பும் கட்டளை.

இரண்டாமவர் திரையில் 'சம்பா நெல் விதைகள்' என்று சரியாக வருகிறது. ஆனால் முதலாமவர் திரையில் ஐந்தாம் இடம் இப்போது 'நெ' என்ற எழுத்து. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் 'சம்பா நெகள்ல் விதை' என்றாகிவிடும்.

எல்லிஸும் கிப்ஸும் சொன்ன தீர்வு, வந்த கட்டளையை அப்படியே நிறைவேற்றாமல் இடையில் நடந்த மாற்றங்களைக் கணக்கிட்டுத் திருத்துவதாகும். நியாயவிலைக் கடை வரிசையில் நீங்கள் ஐந்தாவதாக நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னே நால்வர் வந்து சேர்ந்தால் நீங்கள் ஒன்பதாமவர். அதுபோல 'ஐந்தாம் இடத்திற்குப் பின்' என்பது 'ஒன்பதாம் இடத்திற்குப் பின்' என்று மாற்றப்படுகிறது. இதற்கு ஆங்கிலத்தில் ஆபரேஷனல் டிரான்ஸ்ஃபர்மேஷன் என்று பெயர். தமிழில் 'செயல் மாற்று முறை' எனலாம்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இம்முறை செயலில் மிகக் கடினமானது. மூவர், நால்வர் சேர்ந்து, நீக்கலும் சேர்த்தலும் பல வரிசைகளில் வந்து சேரும்போது, 1989-இல் வெளியான விதிகள் சில நேரங்களில் பிரதிகளை ஒன்றாக்கத் தவறின என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2003-இல் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் கணிப்பொறியே நிறுவல் தேடும் முறையால் சோதித்தபோது, அறிஞர்கள் சரியென வெளியிட்டிருந்த விதிகள் சிலவற்றிலும் குறை வெளிப்பட்டது. அறிவியலில் நல்லெண்ணமும் புகழும் நிறுவலுக்கு ஈடாகா என்பதற்கு மாணவர்கள் இதைச் சான்றாகக் கொள்ளலாம். நடைமுறையில் எல்லாக் கட்டளைகளும் ஒரு மையக் கணிப்பொறி வழியாகவே செல்லுமாறு அமைத்ததால் சிக்கல் பெரிதும் குறைந்தது. கூகுள் டாக்ஸ் இவ்வழியைச் சேர்ந்தது.

இரண்டாவது தீர்வு வேறு கோணத்தில் எழுந்தது. வரிசையில் நம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் கையிலுள்ள குடும்ப அட்டையின் எண் மாறுவதில்லை. அதுபோல, உரையின் ஒவ்வோர் எழுத்திற்கும் பிறக்கும்போதே மாறாத எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால்? 'ஐந்தாம் இடத்திற்குப் பின்' என்று சொல்லாமல், 'இந்த எண்ணுடைய எழுத்திற்குப் பின்' என்று சொல்லலாம். முன்னே எத்தனை எழுத்துகள் வந்தாலும் அதன் பொருள் மாறாது. 2006 முதல் இவ்வழியில் ஆய்வுகள் வெளிவந்தன. 2011-இல் மார்க் ஷப்பீரோ முதலிய ஆய்வாளர்கள் இவற்றுக்குப் பொதுவான கணித அடிப்படையை வகுத்து, சி.ஆர்.டி.டி. என்ற பெயரை நிலைபெறச் செய்தார்கள். இதற்கு மையக் கணிப்பொறி இன்றியமையாதது அன்று. இணைப்பு அறுந்த நிலையில் எழுதியதையும் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் விலையில்லாமல் இல்லை: எழுத்துகளுக்கான எண்களைச் சுமக்க வேண்டும்; நீக்கப்பட்ட எழுத்தின் தடத்தையும் பொதுவாகக் காத்து வைக்க வேண்டும்.

நம் எழுத்துகள் எழுப்பும் வினா

இந்திய மொழிகளில் பணியாற்றுவோர் இங்கு தனிக் கவனம் செலுத்த வேண்டும். 'நெல் விதை' என்பதில் 5 இடங்கள் என்று கூறினேன். அது நம் கண்ணின் கணக்கு. உலகெங்கும் வழங்கும் யூனிகோடு குறியீட்டு முறையின் கணக்கு 9. 'வி' என்பதை அது 'வ' என்ற மெய்யேறிய எழுத்தாகவும், மேலிடும் கொக்கியாகவும் இரண்டாகச் சேமிக்கிறது. 'ல்' என்பதும் அவ்வாறே எழுத்தும் புள்ளியுமாக இரண்டு. தேவநாகரி, வங்காளம், தெலுங்கு, மலையாளம் முதலிய எழுத்து முறைகளிலும் உயிர்க்குறிகள் இவ்வாறு தனிக் குறியீடுகளே.

'வி' என்ற எழுத்தை ஒருவர் 'வீ' என்றும், மற்றவர் அதே கணத்தில் 'வை' என்றும் திருத்துவதாகக் கொள்வோம். இருவரும் பழைய கொக்கியை நீக்குகிறார்கள். ஆளுக்கொரு புதிய குறியை இடுகிறார்கள். இயந்திரம் இரண்டு குறிகளையும் காப்பாற்றுகிறது. விளைவு, ஒரே 'வ' மீது இரண்டு உயிர்க்குறிகள். நெடுங்கணக்கில் இல்லாத ஓர் எழுத்து. உயிர்க்குறி ஒன்று தாங்க எழுத்தின்றித் தனித்து நின்றால், புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று திரையில் தோன்றுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள்.

மேலும், 'கொ' என்பதைக் க-வும் ஒரே ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம். க, முன்னே நிற்கும் கொம்பு, பின்னே நிற்கும் கால் என மூன்றாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. இயந்திரத்தின் எண்ணிக்கையில் வேறு. ஆகவே இந்திய மொழிகளுக்கான தொகுப்பிகளை உருவாக்குவோர், குறியீட்டை அலகாகக் கொள்ளாமல், நாம் எழுத்து என்று உணர்வதை அலகாகக் கொள்ள வேண்டும். இதற்கான விதிகளை யூனிகோடு அமைப்பே வகுத்திருக்கிறது. அவற்றைக் கடைப்பிடிப்பதும் சோதிப்பதும் நம் மாணவர்கள் முன்வந்து செய்ய வேண்டிய பணியாகும்.

ஒருமை வேறு, உடன்பாடு வேறு

இனி, தொடக்கத்தில் கூறிய ரூ.6700-க்குத் திரும்புகிறேன். நான் விளக்கிய இரு முறைகளும் உறுதி அளிப்பது ஒன்றே: எல்லாச் செய்திகளும் சென்று சேர்ந்த பின் எல்லாத் திரைகளிலும் ஒரே உரை இருக்கும். இதை 'ஒருமை' என்போம். அந்த உரை பொருளுடையதா, எழுதியோர் அதனை ஏற்கிறார்களா என்பது இயந்திரத்தின் கணக்கில் வராது. அது 'உடன்பாடு', மனிதர் பேசித்தான் காண முடியும்.

எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டிருக்கையில் இத்தகைய பிழை உடனே கண்ணில் படும். மற்றவருடைய சுட்டி எங்கு நிற்கிறது என்பதையும் திரை காட்டுகிறது. இணைப்பு இல்லாத ஊரில் ஒருவர் எழுதி, மறுநாள் அது தானாக இணைந்து, எவரும் மறுபடி படிக்காமல் ஆணை வெளிவரும்போதுதான் இடர் நேரும்.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. கோப்பின் குறிப்புப் பகுதியில் கருத்து வேறுபாடு அழிவதில்லை. கீழ்நிலை அலுவலர் 'இத்தொகை போதாது' என்று எழுதியிருப்பார். மேலதிகாரி 'நிதிநிலை இடம் தராது' என்று அதன் கீழ் எழுதியிருப்பார். முடிவு ஒன்றானாலும் இரண்டு காரணங்களும் நிற்கும். 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் கருத்துகளையும் ஆலோசனைகளையும் 'தகவல்' என்ற சொல்லுக்குள் சேர்த்திருக்கிறது. ஏன் இவ்வாறு முடிவாயிற்று என்று கேட்கக் குடிமக்களுக்கு வழியிருக்கிறது என்பதே இதன் பொருள்.

கூட்டுத் தொகுப்பிலோ, கடைசியாகத் திருத்திய கையே உரையில் நிற்கிறது. மாற்றுக் கருத்து அழிக்கப்பட்ட இடம் வெறுமையாகக்கூட இராது. வாக்கியம் ஒழுங்காகவே தொடரும். திருத்த வரலாறு சேமிக்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் யார் எந்த எழுத்தை எப்போது நீக்கினார் என்பதைத்தான் அது கூறும். ஏன் நீக்கினார் என்பதைக் கூறாது.

இவ்வசதியை ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. வெள்ள நிவாரணத்தின்போது பல வட்டங்களிலிருந்து ஒரே பட்டியலை ஒரே நேரத்தில் நிரப்ப முடிந்தால் எத்தனை மணி நேரம் மிச்சமாகும்! வரைவு நிலையில் பலர் கையும் படட்டும். ஆனால் சில வரம்புகளை வகுத்துக்கொள்வது நலம். தொகை, தேதி, பயனாளிகளின் தகுதி வரம்பு ஆகியவற்றை மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் விட வேண்டும். மற்றவர் நேரே திருத்தாமல் ஓரத்தில் கருத்து எழுத வேண்டும். பத்திகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வரைவு முடிந்ததும் அதை உறையச் செய்து, ஒருவர் முதலிலிருந்து இறுதி வரை படித்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கையொப்பம்.

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பு வழங்கிய மின்னியல் கையொப்பத்தின் இயல்பும் இதற்கு இசைவானதே. ஆவணத்தின் எழுத்துகளிலிருந்து கணக்கிடப்படுவதால், கையொப்பத்திற்குப் பின் ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் அது தெரிந்துவிடும். தேசியத் தகவல் மையம் உருவாக்கிய இ-ஆபீஸ் முறையிலும், திருத்தக்கூடிய வரைவுக் குறிப்பு மஞ்சள் நிறம். உறுதி செய்யப்பட்ட குறிப்பு பச்சை நிறம். மஞ்சள் எது, பச்சை எது என்ற இவ்வேறுபாட்டைக் கூட்டுத் தொகுப்பிலும் நாம் கைவிடலாகாது.

நண்பர்களே, பகுதிக் கோப்புகளை மூலக் கோப்புடன் இணைத்த பழைய எழுத்தர் தாள்களை அடுக்கியதோடு நின்றுவிடவில்லை. இரட்டித்தவற்றை எடுத்தார். முரண்பட்டவை கண்ணில் பட்டபோது பிரிவு அலுவலரிடம் சென்று, 'ஐயா, இந்த இரண்டும் ஒத்துவரவில்லையே' என்று கேட்டார். அடுக்கும் வேலையை இன்று இயந்திரம் அவரைவிட விரைவாகவும் பிழையின்றியும் செய்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அதற்குத் தெரியாது. அதனைக் கேட்கும் ஒருவர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கட்டும்.